இடப்பக்கச் சீற்

இங்கே இத்தாலியில், வியா மக்வேதாத் தெருவில் சுற்றுலாக்காரருக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் நேற்று உன் காரைக் கண்டேன். கையகலப் பொம்மை. எலுமிச்சம்பழப் படம் போட்ட பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். நீள மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மூக்கை இறுக்கிக் கட்டிய தோல்பட்டி, இடப்பக்கம் முழுக்க நீளுகிற புகைக்குழாய், எல்லாம் அப்படியே இருந்தன. செய்தவன் கெட்டிக்காரன்தான். வலப்பக்கச் சீற்றில் தோல் தொப்பி போட்ட ஓட்டுநர் ஒருவன் இருந்தான். இடப்பக்கச் சீற் வெறுமை. அந்தச் சீற்றின் தோலில் இருந்த வெடிப்பைக்கூட விடாமல் வார்த்தவன் அதில் ஓர் ஆளை வார்க்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்று வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பொம்மைதான்.

இறந்தவனோடு பணிவாகக் கதைக்க எனக்கு வராது. நீ உயிரோடு இருந்தபோது உன்னை மடையன் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அந்தப் பேரை மாற்றக் காரணம் கிடைக்கவில்லை. நீ என்னைத் தட்டு ஏந்துகிறவன் என்று நக்கலடித்தாய். அது உண்மைதான். கால்சாப் பகுதியில் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பழைய மாளிகையில் நான் மேசை துடைத்து, வைன் ஊற்றி, விருந்தாளிகளின் மேலங்கிகளை வாங்கி மாட்டினேன். நீ கீழே, குதிரை கட்டிய இடத்தைத் திருத்திச் செய்த பட்டறையில் காருக்கு அடியில் கிடந்தாய். பின்னேரம் இரண்டு பேரும் நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவுக்கு நடந்துபோய், பல்லாரோ சந்தையில் கழித்துவிட்ட மீனில் நல்லதாகப் பார்த்து எடுத்து, ஒரே அறையில் குழம்பு வைத்தோம். யாழ்ப்பாணத்தான் நான் வைத்தால் உறைப்புக் காணாது என்று நீ அதிலும் நக்கல் விட்டாய்.

அந்தக் காரின் கதையை நான் உன்னைவிட அதிகம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு விருந்திலும் மாளிகைக்காரரான சிஞ்ஞோரே அதைச் சொல்லுவார், நான் தட்டோடு பின்னால் நிற்பேன். இரண்டு பெரும் போர்களுக்கும் இடையில், இத்தாலியின் வடக்கே ஒரு சின்னப் பட்டறையில் பிறந்தது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சின், அதற்குக் காற்றை அமுக்கி ஊட்ட முன்னால் ஓர் ஊதி. அந்தக் காலத்துப் பந்தயக் காரில் ஓட்டுநரோடு ஒரு மெக்கானிக்கும் ஏறவேண்டும். உடம்பு ஒடுக்கமாக இருந்தால்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று, மெக்கானிக்கின் சீற்றை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அவன் தன் வலக்கையை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, ஒருக்களித்துக் குந்திக்கொண்டு, மற்றக் கையால் பம்பு அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் தாங்கியிலிருந்து எரிபொருள் வராது. பின்னால் வருகிறவனைக் கண்டால் ஓட்டுநரின் தோளில் தட்டவேண்டும். புகைக்குழாயையும் அவன் பக்கத்தில்தான் விட்டிருந்தார்கள். ஓட்டுநருக்குச் சுடக்கூடாது என்று யாரோ ஒருவன் மேசையில் இருந்து யோசித்து வரைந்திருக்கிறான். அந்தக் குழாயில் முழங்கை பட்டு வெந்த அடையாளம் இல்லாத மெக்கானிக்கே அந்நாளில் இல்லை என்று சிஞ்ஞோரே சொன்னால் விருந்தாளிகள் சிரிப்பார்கள்.

கார் மதோனியே மலைப் பாதையில் புழுதி கிளப்பி வென்றது. வடக்கே கல் பாவிய ஓடுபாதைகளில் வென்றது. பிறகு ஒரு மழைநாளில் கவிழ்ந்தது. மெக்கானிக் தூக்கி எறியப்பட்டுத் தன் காருக்குக் கீழேயே போய்ச் செத்தான். ஓட்டுநருக்குக் காறையெலும்பு உடைந்தது, அடுத்த பருவத்தில் அதே காரில் தனியாக ஓடி மறுபடி வென்றான். அதற்குள் மெக்கானிக் ஏறக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. இடப்பக்கச் சீற்றைத் தகரம் போட்டு மூடினார்கள். கார் கப்பலேறித் தென்னமெரிக்கா போய், மண் பாதைகளில் அடிபட்டு, கிழண்டி, யாரோ ஒருவரின் கொட்டிலில் கிடந்து, சிஞ்ஞோரேயின் கைக்கு வந்தது. அவர் தகரத்தைக் கழற்றியபோது அந்தப் பழைய தோல் அப்படியே கிடந்தது. கதையை அவர் எப்போதும் ஒரே விதமாக முடிப்பார். இந்தக் கார் ஓட்டுநர் ஒருவரையும் கொன்றதில்லை என்பார். எல்லோரும் கோப்பையை உயர்த்துவார்கள், நான் வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

உனக்குப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த படம்தான் பிடித்தது. மலைப் பந்தயத்தில் எடுத்தது. ஓட்டுநரின் பேர் கீழே எழுதியிருந்தது, மெக்கானிக்குக்குப் பேர் இல்லை. முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மழைநாளில் செத்தவன் அவன்தான், அவனுக்குப் பிறகு அந்தச் சீற்றில் ஒருவரும் இருந்ததில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உனக்குப் பைத்தியம் பிடித்தது. பெற்றோல் தடைப்பட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் ஓட வைத்த போர்க்காலத்திலிருந்து வண்டிகளோடு கிடந்தவன் நீ. இடம்பெயர்ந்தபோது ஊர்ச்சனத்தையெல்லாம் உழவு ரக்ரரில் ஏற்றிக்கொண்டு போனவன். உனக்கு என்ன சீற் ஆசை என்று கேட்டேன்.

"மச்சான், நான் வாழ்நாள் முழுக்க வண்டி தள்ளினவன். இல்லாட்டி ஓட்டினவன். ஒருக்கால் சும்மா குந்திக்கொண்டு போகோணும்," என்றாய்.

சும்மா எங்கே குந்துவது, பம்பு அடிக்கவேண்டுமே என்றேன். அது வேலை இல்லை என்றாய். சிஞ்ஞோரே வாக்குக் கொடுத்திருந்தார். பழைய கார்கள் எல்லாம் சேர்ந்து கால்சாக் கடற்கரையிலிருந்து மதோனியே மலைக்கு ஓடுகிற நினைவு ஓட்டத்தில், தான் ஓட்ட, மெக்கானிக்கின் இடத்தில் மெக்கானிக்தான் இருப்பான், நீதான் இருப்பாய் என்றார். அன்றே கிளிநொச்சிக்குப் போன் எடுத்து மகளுக்குச் சொன்னாய். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. அவள் எப்ப ஏறுவீங்கள் அப்பா என்று கேட்பாள். இடப்பக்கத்தில் இருப்பேன், கையை இப்படிக் கொடுப்பேன், இப்படிப் பம்பு அடிப்பேன் என்று கட்டிலில் இருந்தபடி போனுக்கு முன்னால் ஆடிக் காட்டுவாய். எங்கள் பழைய கட்டில் கிரீச்சிடும். நான் தலையணையால் காதை மூடிக்கொண்டு உன்னைத் திட்டுவேன்.

அந்தக் காருக்கு ஊற்றுவது பெற்றோல் அல்ல, மெதனோல் என்கிற ஒருவகை எரிசாராயம். வேறு எதை ஊற்றினாலும் பழைய சத்தம் வராது என்று சிஞ்ஞோரே அடம்பிடித்தார். ஒரு மத்தியானம் நீ என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, தகர மூடி ஒன்றில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் மூடி வெறுமனே கிடந்தது. நான் குனியப் போக நீ தோளில் பிடித்து இழுத்துவிட்டு, ஒரு கடதாசித் துண்டை அதற்கு மேலே பிடித்தாய். கடதாசி தன்பாட்டில் மண்ணிறமாகி, கறுத்து, சுருண்டு போனது. பகலில் இது எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் வாளி பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது என்று வகுப்பு எடுத்தாய். பட்டறையில் எந்நேரமும் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் நிற்கும். இவ்வளவும் தெரிந்தவன் நீ. அதனால்தான் எனக்குக் கோபம் ஆறுதில்லை.

காரை வெளியே எடுக்கிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் நீ அதற்குப் பூசை செய்வாய். எங்கள் ஊரில் லொறிக்கும் ரக்ரருக்கும் செய்வது போலத்தான். மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம், வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் காட்டி, நாலு ரயருக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து, தள்ளி நசித்து, தேங்காய் உடைப்பாய். தாங்கி வெறுமையாக இருக்கும்போதுதான் செய்வாய். ஒருவரும் பார்க்காத நேரத்தில் செய்து, பழத்தோலையும் பொறுக்கிவிடுவாய். ஒருமுறை குங்குமத்தைச் சரியாகத் துடைக்கவில்லை. காரின் பழைய சிவப்பில் புதுச் சிவப்பைக் கண்ட சிஞ்ஞோரே, அந்த வண்ணத்தின் வயது உனக்குத் தெரியுமா என்று முற்றம் அதிரக் கத்தினார். இரண்டு நாள் உன் முகம் பார்க்கவில்லை. அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, அது என்ன சடங்கு, நெருப்பும் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால், கடற்கரையில், புறப்படுகிற நேரத்தில் செய்யட்டும் என்றார்.

அன்றைக்குக் கடற்கரை வெளியில் நல்ல வெயில். கூடாரம் போட்டு, கம்பளம் விரித்து, தம்புரெல்லோ என்கிற கைப்பறை அடிக்கிறவர்களையும் அக்கோடியன்காரனையும் நிறுத்தியிருந்தார்கள். உனக்கென்று அந்தக் காலத்து மெக்கானிக்குகள் போட்டது மாதிரி வெள்ளை உடுப்பு ஒன்று தைப்பித்திருந்தார் சிஞ்ஞோரே. முதுகில் காரின் பேர் நூலால் எழுதியிருந்தது. காலையில் அதைப் போட்டுக்கொண்டே எரிபொருள் தாங்கியை நிரப்பச் சொன்னார்கள், படம் பிடிக்கவேண்டுமாம். மெதனோல் கான் கனத்தில் சரிந்து உன் தொடையெல்லாம் ஊற்றுப்பட்டது. உடுப்பு மாற்றவேண்டும் என்று கேட்டாய். ஒரே உடுப்புத்தான் இருக்கிறது என்றார்கள். தண்ணீர் வாளிகள் படத்தில் அசிங்கமாக விழுகின்றன என்று கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பட்டறையில் உனக்கு மேலே இருந்த மூத்த மெக்கானிக் நின்றிருந்தால் கத்தியிருப்பார். அவரை முன்கூட்டியே மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பூவும் பழமும் மட்டும் வைக்கிறேன், கற்பூரம் வேண்டாம், தாங்கி நிரம்பியிருக்கிறது என்று சிஞ்ஞோரேயிடம் நீ கெஞ்சியதை நான் கண்டேன். அவர் உன் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பக்கத்தில் அவருடைய மருமகன் தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்டுத் தயாராக நின்றான். நீ என்னிடம் வந்தாய். கையில் கோப்பைத் தட்டோடு நின்ற நான், கற்பூரத்தை விடு, எலுமிச்சம்பழத்தை நசித்துப்போட்டு வா என்றேன்.

"நெருப்பில்லாட்டிச் சீற் இல்லையாம்," என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். சீற்றை ஒருதரம் திரும்பிப் பார்த்தாய். தூரத்தில் நின்று காட்டினால் ஒன்றும் ஆகாது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு போனாய். காருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் நீ யோசித்தாய், அதை நன்றாகத் தூரத்தில் விட்டுத்தான் நின்றாய். உன் தொடையில் காயாமல் இருந்ததை மறந்துவிட்டாய். மடையா, அதை எப்படியடா மறந்தாய்?

கற்பூரம் பற்றியதும் சனம் கைதட்டியது. நீ தட்டை ஒருதரம் சுற்றினாய். இரண்டாம் தரம் சுற்றும்போது தட்டைக் கீழே போட்டாய். பிறகு துள்ளினாய். காலை உதறினாய், தொடையில் அடித்தாய், சுழன்றாய், இரண்டு கையையும் மேலே எறிந்தாய். எங்கும் நெருப்பு இல்லை. வெயிலும் நீயும்தான். தம்புரெல்லோக்காரன் உன் கால் விழுகிற இடத்தைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்தான். அக்கோடியன் சேர்ந்துகொண்டது. விருந்தாளிகள் தாளத்துக்குக் கை தட்டினார்கள், சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நீ கத்தினாய், அது அவர்களுக்குப் பாட்டாகக் கேட்டது. பூசையில் ஆடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லையே என்று நினைத்தேன், அதற்குள் உன் வெள்ளை உடுப்பு தன்பாட்டில் மண்ணிறமாகிக் கறுத்துச் சுருண்டது. என் கோப்பைத் தட்டை எறிந்துவிட்டு, வைன் குளிர வைத்த பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பனிக்கட்டியும் தண்ணீருமாக உன்மேல் ஊற்றினேன். அதற்கும் சிரித்தார்கள். சப்பாத்து நனைந்த சிஞ்ஞோரா ஒருத்தி என்னை ஏசினாள். நீ விழுந்து, உன் தோலின் மணம் காற்றில் போன பிறகுதான் தாளம் நின்றது.

ஆஸ்பத்திரியில் உன் முகம் மட்டும் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் துணியால் சுற்றியிருந்தார்கள். கண் திறந்து நீ கேட்ட முதல் கேள்வி கார் மலைக்குப் போட்டுதோ என்பது. ஓம், நேரத்துக்குப் போட்டுது என்றேன். இடப்பக்கத்தில் ஆர் இருந்தது என்று கேட்டாய். அவருடைய மருமகன் என்றேன்.

"அவனுக்குப் பம்பு அடிக்கத் தெரியுமோ?"

தெரியாது, பாதி வழியில் கார் நின்றுவிட்டதாம், தள்ளிக்கொண்டு வந்தார்களாம் என்றேன். உன் உதடு கொஞ்சம் அசைந்தது. நான் சொன்னது பொய். கார் ஒரு குறையுமில்லாமல் மலை ஏறி இறங்கியது, பரிசுத் தட்டும் வாங்கியது. நீ அந்தப் பொய்யோடு சில நாள் கிடந்தாய். செத்தது ஒரு காலை நேரம், நான் வேலையில் இருந்தேன்.

குவெஸ்தூராவில், பொலிசிடம், எல்லாவற்றையும் சொன்னேன். வாளியை, உடுப்பை, சீற்றை, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டுத் தட்டச்சு செய்தார்கள். முடிவில், சொந்தச் சமயச் சடங்கின்போது ஏற்பட்ட விபத்து என்று வந்தது. உன் சாமியை உன்மேலேயே சாட்டிவிட்டார்கள். அடுத்த விருந்தில் சிஞ்ஞோரே காரின் கதையைச் சொன்னார். மழையையும் போரையும் கடலையும் தாண்டி, கடைசியாக நெருப்பையும் கண்டு, வண்ணத்தில் ஒரு கீறல்கூட விழாமல் நிற்கிறது என்று சேர்த்துக்கொண்டார். பிறகு பழைய முடிவுக்கே வந்தார். ஓட்டுநர் ஒருவரையும் கொன்றதில்லை. கோப்பைகள் உயர்ந்தன. நான் கையிலிருந்த வைனைக் கம்பளத்தில் ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, அவர்கள் கை தவறியது என்றுதான் நினைத்திருப்பார்கள். இப்போது வியா மக்வேதாவில் ஒரு பாரில் நிலம் துடைக்கிறேன். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அது போதும். காரை அவர் வடக்கே யாருக்கோ விற்றுவிட்டார்.

இனிச் சொல்லப்போவதை நீ கேட்காமல் போனது நல்லது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் தனியாகச் சுமக்க ஏலாமல் இருக்கிறது. கடற்கரையில் நின்ற எங்கள் ஆள் ஒருவன், நீ சந்தோசம் தலைக்கேறி ஆடுகிறாய் என்று நம்பி, தொலைவில் நின்று வீடியோ எடுத்து, நீ விழ முதலே வைபரில் உன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நான் அம்புலன்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே உன் மனைவியும் மகளும் அயலட்டையும் கூடியிருந்து அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். நான் போன் எடுத்தபோது உன் மனைவி, மூச்சு வாங்க, என்ன அண்ணை உங்கடை சிநேகிதன் கள்ளுக் குடிச்சவரோ என்றுதான் தொடங்கினாள். பின்னால் உன் மகளின் சிரிப்புக் கேட்டது.

மனைவிக்கு இப்போது எல்லாம் தெரியும். மகளுக்குச் சொல்லவில்லை, காய்ச்சலில் செத்தாய் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வீடியோவை அழிக்கச் சொன்னேன். அழித்தால் பிள்ளை ஏன் என்று கேட்பாள், அவளுக்குத் தகப்பன் ஆடுகிற படம் அது ஒன்றுதான் என்றாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதைப் போட்டுப் பார்க்கிறாளாம். சிநேகிதிகளுக்கும் காட்டுகிறாளாம். அந்த ஆட்டத்தைத் தானும் பழகிவிட்டாளாம். அதைச் சொன்னபோது உன் மனைவி அழவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

வீடியோ நான் வாளியோடு ஓடி வருகிற இடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன் என்பது உன் மகளின் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயிடமிருந்து போனைப் பறித்து என்னிடம் கேட்டாள்.

"மாமா, அப்பா ஆடி முடிஞ்சு காரிலை ஏறினவரோ?"

"ஓம் பிள்ளை, ஏறினவர்."

"இடப்பக்கச் சீற்றிலையோ?"

"ஓம்."

"பிறகு?"

பிறகு என்ன. அந்த மலைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னை அதில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வலக்கையை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொடுத்திருக்கிறாய், இடக்கையால் பம்பு அடிக்கிறாய், முகம் முழுக்கப் புழுதி. ஒரு வளைவு முடிந்தால் அவள் பிறகு என்கிறாள், நான் இன்னொரு வளைவு போடுகிறேன். ஆட்டுக்காரனை வழியில் விடுகிறேன், பாலத்தைப் போடுகிறேன், மழையை மட்டும் போடுவதில்லை. பேசிப் பேசி என் தொண்டை வறண்டுவிடுகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இன்னும் மலை உச்சிக்கு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, மச்சான். சேர்த்தால் உன்னை இறக்கவேண்டி வரும்.